யானை தின்ற பிடியரிசி

யானையைப் பார்த்து ரசிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். காசு கொடுத்துத் தலையில் தும்பிக்கையை வைக்கச் சொல்கிறார்கள். அந்தத் தும்பிக்கை சுவரைப் பிய்த்துக்கொண்டு உங்கள் அடுப்படிக்குள் வந்தால் தெரியும்.

அந்தமானில் மாயாபந்தரிலிருந்து கழிமுகம் வழியாகப் படகில் வந்தால் எங்கள் குடியேற்றம். பக்கத்திலேயே மரம் வெட்டும் கேம்ப். என் வீட்டுக்காரருக்கு அங்கே கோடாலி வேலை. பெண்கள் நாங்கள் வெண்டையும் பாகலும் பூசணியும் போட்டோம். விளைந்ததை மாயாபந்தர் பஜாருக்குக் கொண்டுபோக ஒரே ஒரு வியாபாரியின் டோங்கிதான் இருந்தது. சின்ன மரப்படகு. அதற்குக் கூலி என்று அவன் பாதிக் கூடையை எடுத்துக்கொள்வான். நமக்கென்று ஒரு டோங்கி இல்லாவிட்டால் இவனுக்கே உழைத்துச் சாக வேண்டியதுதான் என்று ஆறு பெண்கள் சேர்ந்தோம்.

பணம் ஏது? சம்பளம் ஆண்கள் கைக்கு வரும், அங்கிருந்து பெரும்பாலும் சாராயக்காரன் கைக்குப் போகும். எங்கள் கையில் இருந்தது அரிசி ஒன்றுதான். உலை வைக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு பிடி தனியே எடுத்துவைத்தோம். ஊரில் கோயிலுக்குப் பிடியரிசி எடுப்பார்கள். நாங்கள் படகுக்கு எடுத்தோம். மழைக்காலத்தில் மெயின்லாண்ட் கப்பல் தாமதமாகும், கடையில் அரிசி தீர்ந்துபோகும். அப்போது கேம்ப் சமையலுக்கு விற்றால் நல்ல விலை வரும். அதுதான் திட்டம்.

முதலில் அரிசி பக்கத்து வீட்டில் ஒரு டின்னில் இருந்தது. அவள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, மாதா கோயில்காரி. அவள் புருஷன் ஒரு நாள் டின்னைக் கண்டுபிடித்து, பாதியைச் சாராயத்துக்குக் கொடுத்துவிட்டான். அவன் எடுத்தான் என்று அவள் அழுதபோது மற்றவர்கள் நம்பவில்லை. அவளே தின்றிருப்பாள் என்றார்கள். பல நாள் அவளோடு யாரும் பேசவில்லை. அதைப் பார்த்ததிலிருந்தே எனக்கு அந்த டின் என்றாலே பயம்.

பிறகு அரிசி என் வீட்டுக்கு வந்தது, சேரச் சேர இரண்டு டின் ஆனது. என் வீடு கடைசி வீடு, காட்டு ஓரம், என் வீட்டுக்காரரும் குடிக்க மாட்டார். குடிகாரப் பயல்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆண்களிடமிருந்து காப்பாற்ற இடம் தேடினோம். காட்டிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

கேம்ப் யானைகள் மரம் இழுக்கும். வேலை இல்லாத நேரம் காலில் சங்கிலி போட்டு மேய விட்டுவிடுவார்கள். கழுத்தில் கட்டைமணி தொங்கும். மணி எந்தப் பக்கம் கேட்கிறது என்று பார்த்துத்தான் தண்ணீருக்கே போவோம்.

அன்று மத்தியானம் நல்ல மழை. நான் தனியாக இருந்தேன். மணி கேட்கவே இல்லை. மூங்கில் தட்டி முறிகிற சத்தம்தான் கேட்டது. திரும்பினால் சுவரில் ஓட்டை. ஓட்டைக்குள் தும்பிக்கை. ஈரமும் சேறுமாக, தரையை மோந்து மோந்து அடுப்பைத் தாண்டி வந்தது. என் கால் பக்கத்தில் நின்று ஊதியது. சூடான காற்று. பயத்தில் சேலையிலேயே மூத்திரம் போய்விட்டது. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. உங்களுக்கும் போயிருக்கும்.

தும்பிக்கை முதல் டின்னைச் சாய்த்தது. அரிசி கொட்டியது. அள்ளி அள்ளி வெளியே கொண்டுபோனது. ஓட்டை வழியாக ஒரு கண் தெரிந்தது. சின்னக் கண்.

பின்வாசல் திறந்துதான் இருந்தது. வெளியே எங்கள் கூட்டத்துப் பெங்காலி தீதி மழையில் நின்று கத்தினாள்.

"அரே, நிகல் ஜா! சாவல் சோட் தே, பாகல்!"

அரிசியை விட்டுட்டு வெளியே வாடி பைத்தியமே என்கிறாள். எனக்குக் கேட்டது. கால் நகரவில்லை. புருஷன் எடுத்தான் என்றதையே நம்பாதவர்கள் யானை எடுத்தது என்றால் நம்புவார்களா? அதுதான் மண்டைக்குள் ஓடியது. இரண்டாவது டின்னின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தபடியே இழுத்தேன். தகரம் தரையில் கிரீச்சென்றது. தும்பிக்கை சட்டென்று நின்று என் பக்கம் திரும்பியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அது தோளைத் தடவியது, தலைமுடியை மோந்தது. பிறகு கொட்டிக் கிடந்த அரிசிக்கே போய்விட்டது. எப்படி இழுத்தேனோ தெரியாது, டின்னோடு தீதியின் காலடியில் போய் விழுந்தேன்.

பாகன் வந்து யானையைப் பிடித்தான். மணிக்குள் விரலை விட்டான். உள்ளே சேறு அடைத்திருந்தது. "பதமாஷ் ஹை," என்று செல்லமாகச் சிரித்தான், பெற்ற பிள்ளையைப் போக்கிரி என்று சொல்வதுபோல. பின்னாலேயே கேம்ப் ஆபீஸ் பாபு குடையோடு வந்தார். எங்களுக்கு நஷ்டம் தருவீர்களா என்று கேட்டேன்.

"யானை சர்க்கார் சொத்தும்மா. மூங்கில் குத்தி அதுக்குக் காயம் ஆகியிருந்தா உன் புருஷன் மேலதான் கேஸ்."

யானைக்கு ரேஷன் உண்டு, வைத்தியம் உண்டு. இடிந்த சுவருக்கும் எங்கள் அரிசிக்கும் ஒன்றுமில்லை.

மழை விட்டதும் மற்ற பெண்கள் வந்தார்கள். எனக்கு மறுபடி பயம் வந்தது. யானைக்கு முன்னால்கூட அப்படிப் பயப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரி முதலில் உள்ளே போனாள். ஓட்டையைப் பார்த்தாள், சேற்றில் கிடந்த அரிசியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு மைனி. போய் மாத்துங்க. நாங்க பொறுக்குதோம்."

சேலையை மாற்றிக்கொண்டு வந்தபோது எல்லோரும் குத்தவைத்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மீதியை இனி எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. தீதி வீட்டில் வைக்கலாம் என்றேன். அவள் புருஷனும் குடிப்பான் என்றார்கள். யார் வீட்டைச் சொன்னாலும் அதே பதில்.

"மைனி வீட்லயே இருக்கட்டும்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "ஆனை என்னைக்காவது ஒரு நாளுதான் வரும். வீட்டுக்காரன் தெனம்லா வாரான்."

எல்லோரும் சிரித்தார்கள். தீதிக்கு ஹிந்தியில் சொன்னோம், அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் டோங்கி அன்றோடு போயிற்று, கூடையில் பாதி, காலம் முழுக்க, அந்த வியாபாரிக்கே. சரி என்று தலையாட்டினேன்.

டோங்கி அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு வந்தது. அதுவரை அந்த டின்னுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து காய் நறுக்கினேன், சோறு தின்றேன், காதைக் காட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு. மணி கேட்டால் மூச்சு வரும். கேட்காவிட்டால் அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு டின்னைப் பின்வாசல் பக்கம் நகர்த்துவேன்.