நடவுக்கு முந்தின நாள் விழுந்த பிணம்

பெரியநாயகசாமிக்கு முகம் என்று ஒன்று உண்டு என்பதற்குப் புகைப்பட ஆதாரம் கிடையாது. கல்யாணப் படத்தில் சவரியம்மாள் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் வலது காது மட்டும் தெரிகிறது. மாதா கோயில் வாசலில் நின்றவர், எதிரே நாற்றங்காலுக்குள் ஆடு இறங்குவதைப் பார்த்துவிட்டார். மகள் லின்சி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் வானத்தைப் பார்க்கிறார். மேற்கே மேகம் கூடியிருந்தது. வேளாங்கண்ணிக் கடற்கரைப் படத்தில் முழு முதுகு. இவ்வளவு தண்ணீரும் இப்படி வீணாகக் கிடக்கிறதே என்று அவர் திரும்பி நின்று வயிறெரிந்துகொண்டிருந்தபோது படக்காரர் அழுத்திவிட்டார்.

லின்சி நர்ஸ் படிப்பை முடித்து, கிளாட்சனைக் கட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்குப் போகும்வரை இது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. கடைத்தெருவில் கேபிள் டிவி நடத்தும் ஜாஃபர் சாதிக்கின் கடைக்குத்தான் அவள் போன் செய்வாள். அந்த வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள்.

“அப்பா, இங்க எல்லாரும் அவங்கவங்க அப்பா படத்தை மாட்டி வச்சிருக்காங்க. என்கிட்ட உங்க காதுதான் இருக்கு.”

“காது நல்லாத்தானம்மா இருக்கு?”

“நாளைக்குப் புள்ள வந்து தாத்தா எங்கன்னு கேட்டா காதையா காட்டுறது? ஒரே ஒரு தடவை உங்க மூஞ்சிய நேராப் பாக்கணும்ப்பா.”

ஒரத்தநாட்டுக்குப் போய் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் தீர்ந்தது. போனார். சட்டைப் பித்தானை எல்லாம் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். விளக்கு மின்னும் நேரம் பார்த்து, வாசலில் போன யாரோ ‘யூரியா வந்துடுச்சாம்’ என்றார்கள். இந்த முறை இடது காது.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் கொலை வந்தது.

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு வரும் துப்பறியும் தொடர் அது. ஒரு வாரம் ஒரு கொலை. அந்த வாரக் கதைப்படி ஒரு பண்ணையார் தன் வயலிலேயே செத்துக் கிடக்க வேண்டும். சென்னையிலிருந்து வேனில் வந்திறங்கிய இயக்குநர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, பெரியநாயகசாமியின் வயலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மறுநாள் நடவு. சேறு கலக்கி, பரம்படித்து, கண்ணாடி போலத் தண்ணீர் நின்றது. பண்ணையாராகச் சாக வந்த நடிகர் அந்தக் கண்ணாடிக்குள் ஒரு காலை வைத்தார். நண்டு கவ்வியது. அவர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, இந்த ஊரில் சாக முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஜாஃபர் ஓடி வந்தான். “மாமா, நீங்க செத்துடுங்க.”

“என்னடா சொல்ற?”

“மூஞ்சிய ரொம்பக் கிட்டத்துல காட்டுவாங்க மாமா. கதையே அங்கேருந்துதான் தொடங்குது. பேச வேணாம், சிரிக்க வேணாம், எந்தப் பக்கமும் பாக்க வேணாம். கண்ணு மூடியே இருக்கும். லின்சி அங்க உக்காந்துக்கிட்டுப் பாக்கும்.”

பெரியநாயகசாமி யோசித்தார். கண் மூடியிருந்தால் ஆடும் தெரியாது, மேகமும் தெரியாது. தனக்கென்றே ஒரு படம் இருக்குமானால் அது பிணப் படம்தான் என்று பட்டது.

சவரியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “நேத்துப் பூசையில நன்மை வாங்கின மனுசன் இன்னைக்குப் பொணமாப் படுக்கப் போறாராம். மகள் மூஞ்சியத்தான கேட்டா, சாவையா கேட்டா?”

“சும்மா படுக்கறதுதான்டி.”

“சும்மா படுக்கறதுன்னா வீட்டுல படுங்க. ஊரு சிரிக்கும்.” ஆனாலும் கிளம்பும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரிவிட்டாள். செத்தாலும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே.

வயலைச் சுற்றி வரப்பெல்லாம் ஊர். பண்ணையார் ஜிப்பாவும் வாயோரம் சிவப்புச் சாயமுமாகப் பெரியநாயகசாமி சேற்றில் மல்லாந்தார். தண்ணீர் காது மடல்வரை வந்தது. துப்பறியும் நாயகர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் குனிய வேண்டும், “இது தற்கொலை அல்ல” என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம் பெரியநாயகசாமியின் முகம் மட்டும் திரையை நிறைக்கும்.

“ஐயா, மூச்சை அடக்குங்க. உலகமே இடிஞ்சாலும் கண்ணைத் திறக்கக் கூடாது,” என்றார் இயக்குநர்.

“சரிங்க,” என்றது பிணம்.

கேமராக்காரர் தண்ணீர் கொஞ்சம் அதிகம் என்றார். முகத்தில் அலையடிக்கிறதாம். “யாராவது கொஞ்சம் தண்ணியைக் குறைங்கப்பா!” என்று உதவி இயக்குநர் பொதுவாகக் கத்தினார்.

இப்படி ஒரு வார்த்தைக்காகவே பிறந்தவர் போல அடுத்த வரப்பில் நின்றுகொண்டிருந்தார் கோவிந்தராசு. அவருடைய வயல் பள்ளத்தில், பெரியநாயகசாமியின் வயலுக்கு அடுத்தாற்போல் இருந்தது. மேட்டூர் தாமதமாகத் திறந்த வருஷம். வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர். பெரியநாயகசாமியின் முறை அன்று காலையோடு முடிந்திருந்தது. இனி எட்டு நாள் கழித்துத்தான். பறித்த நாற்று முடிகட்டி வரப்போரம் கிடந்தது. கோவிந்தராசு எல்லாருக்கும் முன்னால், அரசாங்க உத்தரவை நிறைவேற்றுகிறவர் போல, வரப்பை மண்வெட்டியால் இரண்டு கொத்து கொத்திவிட்டார்.

பிணத்துக்குச் சத்தம் கேட்டது. ஊரில் யாருக்கும் அது ஒரு சத்தமாகவே பட்டிருக்காது. முதலில் ஒரு களகளப்பு. உடைப்பின் வாய் அகலமானதும் அது தடித்துக் கனத்தது. காது மடலில் நின்ற தண்ணீர் கழுத்துக்கு இறங்கியது. பெரியநாயகசாமி பல்லைக் கடித்துக்கொண்டார். லின்சியை நினைத்தார். பிறக்கப்போகும் பேரப்பிள்ளையை நினைத்தார். தண்ணீர் முதுகுக்கு இறங்கியது.

நாயகர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றினார். “இது தற்கொலை அல்ல...”

“அட நாசமாப் போறவனே, மடைய அடைடா!” என்று பிணம் எழுந்து உட்கார்ந்தது.

துப்பறியும் நாயகர் ‘அம்மா’ என்று அலறி, வெள்ளைச் சட்டையோடு சேற்றில் பின்னால் விழுந்தார். பிணம் அவரைத் தாண்டிக்கொண்டு ஓடியது.

“அவுங்கதான் கொறைக்கச் சொன்னாங்க, சாமி!” என்றார் கோவிந்தராசு, மண்வெட்டியைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு.

“அவுங்க சொன்னா உன் பொண்டாட்டி தாலியக் கழட்டிக் குடுப்பியா? கொறைக்கச் சொன்னாங்களா, கொள்ளையடிக்கச் சொன்னாங்களா?”

“பொணமாட்டம் கெடக்க வேண்டியதுதான? செத்தவனுக்கு எதுக்குத் தண்ணி?”

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரை மணி போனால் வெளிச்சம் இல்லை. “இந்தப் பொணம் வேண்டாம். வேற பொணம் கொண்டு வாங்க,” என்றார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர் கோவிந்தராசு. வயசும் மீசையும் பண்ணையாருக்குப் பொருந்தின. ஜிப்பா கைமாறியது.

அப்படியாகத் தண்ணீர் திருடியவர் திருடிய இடத்திலேயே வாய்பிளந்து, ஒரு கொசுகூட விரட்டாமல், உன்னதமாகச் செத்துக் கிடந்தார். பெரியநாயகசாமி பின்னால் வரப்பில் குனிந்து, கோவிந்தராசின் மண்வெட்டியாலேயே மடையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளை நகரச் சொல்லுங்க!”

“கட்டாம நவுர மாட்டேன். வேணும்னா நீங்க நவுந்துக்குங்க.”

“இருக்கட்டும் சார், மங்கலாத்தான் தெரியும். கிராமம் மாதிரி இருக்கு,” என்றார் கேமராக்காரர்.

மறுநாள் நடவு நடந்தது. தண்ணீர் மட்டுமட்டாக இருந்தது. லின்சி போன் செய்தபோது பெரியநாயகசாமி ஊரில் இல்லாதவர் போல ஒளிந்துகொண்டார். ‘அப்பா டிவியில வராரு’ என்று படப்பிடிப்பன்றைக்கே அவளிடம் உளறிவிட்டிருந்தான் ஜாஃபர். அதைத் திருத்திச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பயிர் தூர் கட்டியிருந்த ஒரு வியாழக்கிழமை, ஜாஃபர் கடையில் ஊர் நெரிந்தது. திரை முழுக்கக் கோவிந்தராசின் முகம். விசில் பறந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பிணம் எழுந்து நின்று கும்பிட்டது. பெரியநாயகசாமி கதவோரம் நின்று அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க இந்த ஒருமுறை மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. எந்தக் கூறுகெட்டவனும் ஒரு நிமிஷம் பொறுத்திருப்பான், தான் ஏன் பொறுக்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

தொடர் முடிந்ததும் போன் அடித்தது.

“அப்பா! பாத்தேன்ப்பா!”

“அது நான் இல்லம்மா. அது நம்ம கோவிந்தராசு.”

“மாமாவை எனக்குத் தெரியாதா? நான் உங்களைத்தான் சொல்றேன். பின்னாடி மடை கட்டிக்கிட்டு இருந்தீங்களே. குனிஞ்ச முதுகைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.”

“மூஞ்சி தெரியலியேம்மா.”

“எப்பத்தான் தெரிஞ்சுது? புள்ள கேட்டா தாத்தா வேலையா இருக்காருன்னு சொல்லிக்கிறேன்.” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை. சிரிப்புதான். “இன்னொண்ணு கேளுங்க. எங்க வீட்டுக்கு டிவி பாக்க வந்தவங்க அத்தனை பேரும் நீங்கதான் கொலைகாரர்னு சொல்லிட்டாங்க. ஒருத்தன் செத்துக் கெடக்கான், இந்த ஆளு பாட்டுக்கு மண்ண வெட்டிப் போடுறானேன்னு. கடைசியில கொலைகாரன்னு பண்ணையாரோட கணக்குப்பிள்ளையப் புடிச்சதும் உங்க மாப்பிள்ளை ஒத்துக்கவே இல்ல. போலீஸ் ஆள் மாத்திப் புடிச்சிட்டாங்கங்கறாரு.”

பெரியநாயகசாமி திரும்பிப் பார்த்தார். கோவிந்தராசு யாரோ வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, எப்படி மூச்சடக்கினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை கெட்டிக்காரருதான்,” என்றார் பெரியநாயகசாமி. “கொல்லணும்னுதாம்மா இருந்துச்சு. மடை தொறந்து கெடந்துச்சா, நேரமில்லாமப் போச்சு.”