பாலைவனத்தில் தண்ணீர்ப்பந்தல் போட்ட கதை

நன்னாரி சர்பத்தும் சேறும் கலந்தால் ஒரு வாசம் வரும்... நனைந்த சாக்கு வாசம் மாதிரி. எட்டு வருசமாகியும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

இன்று காலை அந்தக் கலைவிழாக்காரர்கள் ஒரு பழைய படத்தைப் போட்டு, என்னையும் டாக் பண்ணியிருக்கிறார்கள். நானும் நேசனும் முழங்கால்வரை சேற்றில் நிற்கிறோம். கீழே பிரெஞ்சில், 'மழையையும் கொண்டாடினோம்' என்று எழுதி, ஒரு இதயம் வேறு.

கொண்டாடினீர்கள். நீங்கள் கொண்டாடினீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருவில் ஒரு சேலைக்கடையில் வேலை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நேசன் சமையல். என்னைவிடப் பத்து வயது இளையவன். தேர்த் திருவிழா வந்தால் வீதியோரம் நாங்கள் இருவரும்தான் தண்ணீர்ப்பந்தல் போடுவோம். மோர், சர்பத், எலுமிச்சைத் தண்ணீர்... யார் வந்து கை நீட்டினாலும் சும்மா கொடுப்போம்.

அந்த வருசம் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி மூன்று கோப்பை மோர் குடித்துவிட்டு, இது ஒரு 'இன்ஸ்டலேஷன்' என்றார். ஸ்பெயினின் தெற்கே பாலைவனத்தில் அவர்கள் நடத்தும் கலைவிழாவில் இந்தப் பந்தலை அப்படியே போட வேண்டுமாம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது கலையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேசன்தான் தயங்கி இழுத்தான். "அண்ணை, அது முடிஞ்சு வாற செவ்வாய் எனக்கு ரொந்தேவு இருக்கு. நசியோனலித்தேக்கு."

பிரெஞ்சுக் குடியுரிமைக்கான நேர்முகம் அது. கையிலிருந்த அகதிப் பத்திரத்தோடு எங்கும் போகலாம், ஊருக்கு மட்டும் போக முடியாது. யாழ்ப்பாணத்தில் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசி முடித்து, அண்ணன் பாஸ்போட்டோடு வரட்டும் என்று காத்திருந்தார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பது பெண்ணின் சகோதரன். அவளுக்கு இருந்தது இவன் ஒருவன்தான்.

"ஞாயிறு இரவு வெளிக்கிட்டா திங்கள் பின்னேரம் இஞ்சை நிப்பம். ஏன் பயப்பிடுறாய்?" என்றேன்.

பாலைவனம் என்றால் வெயில்தானே! வாடகை வானில் ஐஸ் பெட்டிகள், எலுமிச்சை இரண்டு மூட்டை, தயிர் வாளிகள், சர்பத் போத்தல்கள், போதாததற்கு நூறு பனையோலை விசிறி. ஒரு குடை இல்லை. ஒரு பக்கற் தேயிலை இல்லை.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். பந்தலில் வரிசை நின்றது. சனி மத்தியானம் பிடித்த மழை விடவேயில்லை. அந்த மண் நனைந்தால் களி. காலிலிருந்து சப்பாத்தை உருவி வைத்துக்கொள்ளும். குளிரில் பல் கிடுகிடுக்க ஒருவன் வந்து, சூடாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். எங்களிடம் ஐஸ் போட்ட மோர் இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு இரவோடு போயிற்று. காய்ந்து கிடந்த ஆற்றில் வெள்ளம் வந்து, வாகனப் பாதை மூடப்பட்டது. ஒலிபெருக்கியில், இது இயற்கையின் பரிசு, அனுபவியுங்கள் என்றார்கள். சனம் சேற்றில் சறுக்கிச் சறுக்கி ஆடியது. ஆடட்டும். அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை என்ன இருந்தது?

திங்கள் ஒரு டிரக்டர் வந்தது. முதலில் ஸ்பீக்கர்களை ஏற்றினார்கள். பிறகு விளக்குகள். பிறகு இரும்பில் செய்த ஒரு ஒட்டகம், இரண்டு துண்டாகக் கழற்றி, இரண்டு நடை. நேசன் ரொந்தேவுக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணியிடம் ஓடினான். அவர் அவனைக் கட்டிப்பிடித்து, அமைதியாக மூச்சு விடச் சொன்னார்.

ஒட்டகம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் செவ்வாய் மத்தியானம்தான் தார் றோட்டைக் கண்டோம்.

சரி, பாதை மூடியிருந்தது என்று ஒரு கடிதமாவது தாருங்கள் என்று கேட்டோம். இந்த நாட்டில் அத்தெஸ்தாசியோன் என்று ஒரு அத்தாட்சிக் கடிதம் இருந்தால் வாய் திறந்து விளக்க வாய்ப்பாவது கிடைக்கும். மூன்று மெயில் போட்டான் நேசன். பதிலாக வந்தது, பாட்டுப் போட்டு, மேலேயிருந்து எடுத்த சேற்று வீடியோ ஒன்று. வெட்கம் கெட்டவர்கள்!

அவனுடைய கோப்பு மூடப்பட்டது. திரும்ப முதலிலிருந்து. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருசம் பொறுத்தார்கள். அதற்கு மேல் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாமன் மகன் ஒருவன் காலைக் கழுவினான். நேசன் அதை அரிசி மூட்டையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தான். பார்த்து முடித்து, மத்தியான ஓர்டருக்கு வெங்காயம் வெட்டப் போனான்.

இப்போது அவனிடம் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிறது. இரண்டு தரம் ஊருக்குப் போய் வந்துவிட்டான், தங்கச்சியின் பிள்ளைகளையும் தூக்கினான். இப்போதும் தேருக்கு நாங்கள்தான் பந்தல் போடுகிறோம். அன்றைய மாதிரி சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. வயதும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நேரம் அவர்களைத் திட்டிவிட்டேன். திட்டத்தான் வேண்டும். ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் நானும் அவர்களில் ஒருவன்தான்.

அந்த ஞாயிறு காலை ஒரு இருபது பேர், பையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேட்டுப் பக்கமாக நடந்தே பெரிய றோட்டுக்குப் புறப்பட்டார்கள். நேசன் என்னிடம் வந்தான்.

"அண்ணை, நானும் இவையளோடை நடக்கட்டே?"

"விசர்க்கதை கதையாதை. நாளைக்கு றோட்டு திறந்திடும். இவ்வளவு சாமானையும் நான் தனிய என்னெண்டு கழட்டி ஏத்துறது?"

"ஓம் அண்ணை" என்றான்.

நடந்து போனவர்கள் அன்று பின்னேரமே பஸ் ஏறிவிட்டார்களாம்.

அதைப் பற்றி அவன் என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னமும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறான்.