ராசம்மாவின் பெயர் இருந்த பக்கம்

நிலக்ஷியின் புத்தகத்தில் ராசம்மா நாற்பத்தேழாம் பக்கத்தில் வருகிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஹட்டனில் இஸ்ஸதீன் நானாவின் கடையில் வாங்கிவந்து அவளுக்கு வாசித்துக் காட்டியது நான்தான்.

அதற்கு முன்பே, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம் முழுக்க அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. இங்கே பிறந்து, தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஜெயித்து, கொழும்பிலும் சென்னையிலும் மேடையேறிய நிலக்ஷி, இருபத்தொன்பது வயதில் தன் வாழ்க்கையை எழுதியிருந்தாள். 'இதில் யார் பெயரையும் நான் மாற்றவில்லை' என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு பாடிய இரவுகள், கதவைப் பூட்டிய கச்சேரி மேலாளர், கலைத்த கரு, எல்லாம் இருந்தது. துணிச்சல்காரி என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. பொய் சொல்லிக் காசு பார்க்கிறாள் என்று இன்னொரு கூட்டம் பேஸ்புக்கில் காறித் துப்பியது.

கோயில் தலைவர் கந்தப்பன் குழாயடியில் நின்று கத்தினார். "இனி இந்த லயத்துக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"மாமா, ஒங்க மகன் போன்ல அவ போட்டோதான் இருக்கு. மொதல்ல அத அழிக்கச் சொல்லுங்க" என்றாள் வினோதா, பால் போத்தலைக் கழுவிக்கொண்டே. வினோதா ராசம்மாவின் மகள். இரண்டு மாதக் கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தாள்.

நிலக்ஷிக்கு நாலு வயதாக இருக்கும்போது அவளுடைய தாய் குவைத்துக்குப் போனாள். திரும்பி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருந்த ராசம்மாதான் பத்து வருடம் அவளுக்குச் சோறு போட்டாள், பேன் பார்த்தாள், மழை நாளில் முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்தில் விட்டாள். நிலக்ஷிக்கு அவள் சின்னம்மா. புத்தகத்தில் அதெல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்க வாசிக்க, ராசம்மா தலைத்துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரொட்டியப் பத்தியும் எழுதிருக்காளா? கருகிப்போச்சுனு தூக்கி எறிவாளே, அது?"

இருந்தது. அடுத்த பத்தியை வாசிக்காமல் தாண்டியிருக்கலாம். ஏழு வருடம் வெளியூர்களில் திரிந்துவிட்டு வந்தவள் நான். இங்கே எதைச் சொல்லக்கூடாது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. வாசித்துவிட்டேன்.

தோட்டத்தில் பேர் என்றால் வேலை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது பேர் இருந்தால்தான் தோட்டம் கொடுத்த காம்பரா நிலைக்கும். 1993இல் ராசம்மாவின் வீட்டில் இருந்தது ஒரே பேர், அக்கா லெட்சுமியின் பேர். அப்பா பொன்னையா நோயில் விழுந்து வேலையை விட்டிருந்தார். பத்தொன்பது வயது லெட்சுமி மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். அந்த வருடம் தோட்டம் புதிதாக யாருடைய பேரையும் பதியவில்லை. பொன்னையா அழுது முடித்ததும், செத்தது இளைய மகள் ராசம்மா என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் பெரட்டில் "லெட்சுமி" என்று கூப்பிட்டபோது, பதினேழு வயது ராசம்மா அக்காவின் கூடையோடு போய் நின்றாள். கங்காணி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. லயமும் ஒன்றும் சொல்லவில்லை. அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, வினோதாவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் லெட்சுமியின் பேரில் வந்தன. ராசம்மா என்று இருப்பது ஒரு மரணச் சான்றிதழ் மட்டும்தான்.

இதைத்தான் நிலக்ஷி நன்றியோடும் அன்போடும் பேர் பேராக எழுதியிருந்தாள்.

ராசம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். "இத எத்தன பேரு வாசிப்பாங்க?" என்று கேட்டாள்.

அவள் எழுந்து போய்ப் பின்சுவரைப் பார்த்தாள். அதில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. போன வருட மழையில் மேலே மலை சரிந்து இறங்கியதிலிருந்து எங்கள் லயத்தில் ஆபத்தான இடம் என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மழை பெய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பாடசாலைக்கு ஓட வேண்டும். கீழே ரோட்டோரம் எங்களுக்கென்று இருபது புது வீடுகள் கட்டி முடிந்திருந்தன. பட்டியலில் பதினொன்றாவது பேர் லெட்சுமி.

பத்து நாளில் தோட்டத்து நலன்புரி அதிகாரி கஜேந்திரன் வந்தார். நல்ல மனிதர்தான். வாசலிலேயே நின்றார்.

"அக்கா, யாரோ அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிட்டாங்க. பட்டியல்ல இருக்கறது செத்தவ பேருனு மொட்டக் கடிதம். உண்மைனா வீடு இல்ல. வேலையும் இருக்காது. பொலிசுக்குப் போனாலும் போகும்."

"முப்பத்தோரு வருசமா கொழுந்து எடுத்தது யாரு சார்? செத்தவளா?"

"எனக்குத் தெரியும்க்கா. கடுதாசிக்குத் தெரியாதே." குரலைத் தாழ்த்தினார். "கொழும்புலருந்து ஒரு யூடியூப் சேனல்காரங்க வாராங்களாம், நிலக்ஷி சொன்னது நெசமானு கேக்க. கதை கட்டி எழுதிருக்கான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா, நான் அதையே காட்டி பைல மூடிருவேன்."

அன்று மாலை நிலக்ஷி என் போனில் வந்தாள். மேலாளர் அவள்மேல் வழக்குப் போட்டிருந்தார், புத்தகம் முழுக்கப் பொய்யென்று. ஒரு இடத்தில் பொய்யென்று நிரூபித்தால் போதும், மற்றதும் நிற்காது என்று வக்கீல் சொன்னாராம்.

"சின்னம்மா, நீங்க நெசம்னு மட்டும் சொல்லுங்க. அவன் எனக்குச் செஞ்சதையும் பொய்யுனு ஆக்கப் பாக்கறான்."

"ஏன்டி, ஒன் கதைய நீ சொன்ன. என் பேர எதுக்குடி இழுத்த?"

"உங்களப் பத்தி ஒலகத்துக்குத் தெரியணும்னுதான் சின்னம்மா. நீங்க இல்லாட்டி நான் ஏது?"

"ஒலகமா வந்து செவுத்தப் பூசப் போகுது?"

"நான் வீடு வாங்கித் தாறேன். கொழும்புக்குப் பக்கத்துல, வத்தளையில. அம்மா சத்தியமா."

"வினோதா கல்யாணத்துக்கும் சத்தியம் பண்ண. கடைசி வரிசையில ஒனக்கு ஒரு கதிரை போட்டு வச்சிருந்தேன், காலியாவே கெடந்துச்சு" என்றாள் ராசம்மா. பிறகு, "சாப்டியாடி?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் அழுகை மட்டும் கேட்டது. போனை என்னிடம் நீட்டிவிட்டாள்.

சேனல்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்தார்கள். ராசம்மா வேலைச் சேலையைக் கட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். பேசியவன் துறுதுறுப்பான பையன்.

"அம்மா, ஒங்க பேரு?"

"லெட்சுமி."

"நிலக்ஷி எழுதினது?"

"சின்ன வயசுலருந்தே கத கட்டுவா. எல்லாம் பொய்யி."

"அப்ப ராசம்மா?"

"எந் தங்கச்சி. செத்துட்டா. வாங்க, காட்டறேன்."

தேயிலை மலை முடிந்து யூக்கலிப்டஸ் மரங்கள் தொடங்கும் இடத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். லெட்சுமியைப் புதைத்த இடம். பெயர் எழுதாத ஒரு கல். வருடா வருடம் அக்காவுக்குச் சூடம் கொளுத்தும் இடத்தில் நின்று, "இங்கதான் ராசம்மா இருக்கா" என்று கமராவுக்குக் கைகாட்டினாள். அவளுக்குக் குரல் நடுங்கவில்லை.

இரண்டே நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். 'வளர்த்தவளே கிழித்த முகமூடி' என்று தலைப்புப் போட்டிருந்தான். அதுவரை நிலக்ஷியை நம்பியவர்களும் மேலாளரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதினார்கள். நிலக்ஷி மறுத்து ஒரு வார்த்தை போடவில்லை. லெட்சுமியாக வாழ்கிறவள் உண்மையில் ராசம்மாதான் என்று நிரூபிக்க அவளிடம் வழி இருந்திருக்கும். லயத்தில் நாற்பது சாட்சிகள் இருந்தோம், நான் உட்பட. அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டாள். மேலாளரைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில் நாற்பத்தேழாம் பக்கத்தில் கனடா பயணம் இருக்கிறது.

பைல் மூடப்பட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் ராசம்மா புது வீட்டுக்குப் போனாள். வாசல் கதவில் பதினொன்று என்ற இலக்கமும் லெட்சுமி என்ற பேரும் ஒட்டியிருந்தன. சுவரில் வெடிப்பு இல்லை. மழைச் சத்தத்தில் பிள்ளை தூங்கியது.

நான் திரும்பவும் புறப்படுவதாகச் சொல்லிவிட்டு வரப் போனேன். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். முதல் பதிப்பு.

"எம்பேரு எதுடி?"

விரலைப் பிடித்துக் காட்டினேன். ஒவ்வொரு இடமாகக் காட்டச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் ஏழு முறை இருந்தது. ஏழாவதில் விரலை எடுக்காமல் கொஞ்சம் வைத்திருந்தாள். பிறகு புத்தகத்தை மூடி, பழைய சேலைத் துண்டில் சுற்றி என் பைக்குள் அவளே தள்ளினாள்.

"இங்க வைக்க ஏலாது. ஆபீஸ்காரங்க வருவாங்க. போற எடத்துல எங்கயாவது வச்சிக்க."

வெளியே கணக்குப்பிள்ளை, நாளைக்கு மேல்மலையில் பெரட்டு என்று சொல்லிக்கொண்டு போனார். "லெட்சுமி, கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சுங்க" என்றாள்.