மேடத்தின் தலையளவு

என் மனைவிக்கு வேலை, பெயர் தைப்பது. பெரிய சலவை நிலையம் ஒன்றின் மாடியில் ஜன்னலோரத் தையல் மிஷின் அவளுடையது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு, ஓட்டல் சமையல்காரர்களின் சட்டை என்று எது வந்தாலும் நெஞ்சுப் பக்கம் அவரவர் பெயரை நூலால் எழுதுவாள். முடித்ததும் எழுத்து எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்ப்பாள். பதினேழு வருஷத்தில் ஓர் எழுத்து தவறியதில்லை.

வீட்டுக்கு வந்தால் தொப்பிதான். சிலர் கண்ணாடி அலமாரியில் நாகரிக உடை போட்ட ஒன்றரைச் சாண் பொம்மைகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள் அல்லவா, அவற்றுக்கு அந்தக் காலத்துச் சீமாட்டிகள் போட்ட மாதிரியான தொப்பிகள். ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்து, இருமல் மருந்து பாட்டிலின் மூடிமேல் இழுத்துப் போர்த்தி, நூலால் இறுகக் கட்டிச் சூடான காற்றில் உலர்த்துவாள். அந்தக் காற்று என் கடை ஹேர் டிரையரிலிருந்து வரும். நான் முடிதிருத்துபவன். கடையில் டிரையர் காணாமல் போனால் யாரையும் சந்தேகப்படமாட்டேன், நேராக எங்கள் சமையலறைக்கு நடப்பேன். விளிம்பை நகம் வெட்டும் கத்தரியால் நறுக்குவாள். இறகு வேண்டுமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அடித்துக் கிழித்த பூப்பந்து இருக்கவே இருக்கிறது.

அளவு பார்க்க ஒரு பொம்மை உண்டு. வீட்டில் அவளுக்குப் பெயர் மேடம். பதினைந்து வருஷமாக அத்தனை தொப்பியும் மேடத்தின் தலையில் ஏறி இறங்கித்தான் வெளியே போகும்.

பொம்மை சேர்ப்பவர்களில் ஒருவர் பல் டாக்டரம்மா. அவர் கோட்டில் பெயர் தைத்த பழக்கம். நூலகக் கூடத்தில் தம் பன்னிரண்டு பொம்மைகளைக் காட்சிக்கு வைக்கப்போவதாகவும், தொப்பியெல்லாம் இவள்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். "உன் பேர் போட்டு அட்டை வைப்பேம்மா." அன்று இவள் சாப்பிடவே இல்லை. "ஊரார் பேரையெல்லாம் எழுதிட்டேன். என் பேர முதல் தடவையா நாலு பேர் படிக்கப் போறாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆறு மாதம் எனக்குத் துணையாக இருந்தது டிவிதான்.

சனிக்கிழமை கண்காட்சி. பதினோரு மணிக்குக் கதவு திறப்பார்கள். நான் கடைக்கு விடுமுறைப் பலகை மாட்டிவிட்டுப் தொப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஒன்பதுக்கே போனேன். டாக்டரம்மா பொம்மைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். அதுவரை அவற்றை அலமாரியை விட்டு வெளியே விட்டதில்லை. "எல்லாம் உன் பொம்மையோட அதே கம்பெனி, அதே தலை" என்று முன்பே சொல்லியிருந்தார்.

முதல் தொப்பி ஏறவில்லை. இரண்டாவதும் ஏறவில்லை. மூன்றாவதை அழுத்தியதும் துள்ளிக் கீழே விழுந்தது. மனைவி அதைக் குனிந்து எடுத்தாள். பெட்டியிலிருந்து மேடத்தை எடுத்து அதே தொப்பியை வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

நான் மேடத்தை வாங்கித் தலையைத் தடவினேன். தொழில் பழக்கம். அடுத்த நொடி எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இவளுக்கு வழுக்கை விழுந்திருக்கு!"

பதினைந்து வருஷம் தொப்பி உரசி உரசி முடி தேய்ந்து, உச்சி பளபளவென்றிருந்தது. அந்தத் தலைக்கு அளவான தொப்பி, முடி அடர்ந்த தலையில் எப்படி ஏறும்? தினம் நாற்பது தலை பார்க்கிறவன், சொந்த வீட்டில் ஒருத்திக்கு முடி கொட்டியதைக் கவனிக்கவில்லை. வெட்கக்கேடு.

டாக்டரம்மா மணியைப் பார்த்தார். "பரவால்லம்மா, தொப்பி இல்லாமலே வெச்சிடலாம்" என்று மேசையிலிருந்த அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார். மனைவி அந்தக் கைப்பையையே பார்த்தாள்.

பிறகு அவள் நிமிர்ந்தாள். "டாக்டரம்மா, அந்தக் காலத்துல சின்னத் தொப்பிய நெத்திப் பக்கமா சாய்ச்சு வைக்கிறதும் உண்டு. பின்னால எலாஸ்டிக் நூல் பிடிச்சுக்கும். முடிய மட்டும் ஒரு பக்கமா படிய வாரணும்." என் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் சீப்பு எப்போதும் இருக்கும்.

"கை கழுவிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா, பல் பிடுங்கும் குரலில்.

நான் வாரினேன், அவள் நூல் தைத்துச் சாய்த்தாள். ஒன்றரை மணி நேரம் நாங்கள் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஒவ்வொருத்தியும் யாரையோ கண்ணடிக்கப் போகிறவள் மாதிரி ஆகிவிட்டாள். பதினொரு தொப்பி முடிந்தது. கடைசித் தொப்பி மட்டும் மணி வடிவம், காதுவரை இறங்க வேண்டியது, சாய்த்தால் நிற்காது.

"லேசா முடி வெட்டிடவா?" என்றேன்.

டாக்டரம்மா போட்ட சத்தத்தில் நூலகரே எட்டிப் பார்த்தார்.

மனைவி மேடத்தை எடுத்து மணித் தொப்பியை மாட்டினாள். வழுக்கை மறைந்தது. மேடம் ராணி மாதிரி இருந்தாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பன்னிரண்டாவது பொம்மையை எடுத்துப் பெட்டியில் வைத்தார். அந்த இடத்தில் மேடத்தை நிறுத்தினார். கைப்பையைத் திறந்து அட்டையை மேசை நடுவில் வைத்தார்.

கதவு திறந்தது, கூட்டம் வந்தது. "ஏன் மத்த தொப்பியெல்லாம் சாஞ்சிருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். "அதுதாங்க ஸ்டைல்" என்றாள் என் மனைவி, கண்ணைச் சிமிட்டாமல்.

கூட்டம் சற்று விலகியதும் அட்டை அருகே போனாள். குனிந்து, தன் பெயர்மேல் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"தப்பு இல்லங்க. சரியா இருக்கு" என்றாள்.

அப்புறம் அழுதாள். நானும்தான், மறைப்பானேன்.