டைனமோ வெளிச்சம்

சைக்கிள் டைனமோ டயரில் உரசும் 'கிர்ர்' இன்று யாருக்கும் தேவையில்லை. எங்கேனும் கேட்டால் எனக்கு மட்டும் கை குளிர்கிறது.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்கூடத் தாதி. போரில் மின்சாரம் இல்லாமல்போய், பற்றரிக்கும் தடை விழுந்த வருடங்கள். இணுவில் தோட்டக்காரர் ஒருவர் மூன்று மாத மகனைக் கொண்டுவந்தார். அடிவயிறு கல்லாக வீங்கி, மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையை ஒரு சவ்வு மறித்திருந்தது. மறிபட்ட நீர் மேலேறிச் சிறுநீரகங்களைத் தின்றுகொண்டிருந்தது. வயிற்றைக் கீறாமல், மெல்லிய குழாயொன்றை உள்ளே விட்டுப் பார்த்தபடி சவ்வை அறுப்பதே முறை என்றது பெரிய டொக்டரின் புத்தகம். குழாய் இருந்தது. நுனியில் நெல்மணி அளவு பல்ப், கடைசி ஒன்று, இருந்தது. அதை எரிக்கத்தான் எதுவுமில்லை.

"றேடியோ கேக்கச் சைக்கிள் டைனமோவைச் சுத்துறனீர் எல்லே? உதுவும் அதுதான். செய்திக்குப் பதிலா உம்மடை மகன்," என்றார் டொக்டர். தகப்பன் சிரித்தார். அந்த நாளின் ஒரே சிரிப்பு.

யன்னலுக்கு வெளியே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து அவர் கையால் மிதியைச் சுற்றினார். வயர் உள்ளே வந்தது. "ஒரே சீரா, அண்ணை. கெதியாச் சுத்தினா பல்ப் போயிடும்," என்று நான்தான் சொன்னேன். டொக்டர் குழாயில் கண்ணை வைத்தார். "தெரியுது," என்றார்.

அப்போது வானில் ஹெலி, சனத்தைச் சுடும் இராணுவ ஹெலிகொப்டர். தூரத்தில்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஊரில் சைக்கிளில் போகிற எவனும் நிற்கமாட்டான், இறுக்கி மிதிப்பான். தகப்பனின் கால் பழகியதைக் கை செய்தது. டைனமோ அலறியது. வெளிச்சம் ஒருகணம் வெள்ளையாய்ப் பூத்தது, பிறகு இல்லை.

பாராமல் அறுக்க முடியாது. டொக்டர் அடிவயிற்றைக் கீறி, நீர் வெளியேற ஒரு வாசல் வைத்தார். "இப்போதைக்கு இது காணும். சவ்வைக் கொழும்பிலை எடுப்பியுங்கோ, சுணங்கக்கூடாது," என்றார். தகப்பன் பயண அனுமதிக்கு அலைந்தார். கிடைக்கவில்லை.

அடுத்த வருடம், இராணுவம் நெருங்கி ஊரே பெயர்ந்து நடந்த நாளில், மழைக்குள், அவரைக் கண்டேன். சைக்கிள் பாரில் பிள்ளை. முகம் ஊதி, இமைகள் தடித்திருந்தன. சிறுநீரகம் கைவிடும் முகத்தை நான் அறிவேன்.

"மிசி, உண்மையைச் சொல்லுங்கோ. நான் கெதியாச் சுத்தினதாலையோ?"

"இல்லை அண்ணை. பல்ப் பழசு."

பின்னால் சனம் தள்ளியது. அவர் அசையாமல் என்னையே பார்த்தார்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது, மிசி. சரி, போயிட்டு வாறம்."