தோர் பட்டியலில் ஒரு பெயர்

பாகிலா அப்கே எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்தது வேலை கேட்டு அல்ல, சண்டை போட.

2011 ஜனவரி. எங்கள் சுரங்க நகரமான கராகந்தியில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. பூட்ஸ் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நாங்கள் நாலு பேர். அதுதான் அன்றைய ‘போசகா’ நிறுவனம். போசகா என்றால் வாசல் நிலை. வேண்டாத இணையதளங்களையும் வைரஸ்களையும் வாசலிலேயே நிறுத்தும் பெட்டி ஒன்றை எங்கள் முதலாளி எர்னார் உருவாக்கியிருந்தான். கணினி விளையாட்டுக் கூடங்கள், ஒரு நூலகம், இரண்டு பள்ளிகள் என்று மொத்தம் ஏழு இடங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது.

சுரங்கத் தொழிலாளர்கள் போடும் பஞ்சு வைத்த மேலங்கியில் பனி ஒட்டியிருக்க, நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருவர் கதவைத் திறந்தார்.

“இங்க யாரு குமிஸைச் சாராயம்னு எழுதினது?”

நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“நூலகத்துல உட்கார்ந்து ஊர்ல குமிஸ் விக்கிறவன் பக்கத்தைத் திறந்தா, ‘மதுபானம், அனுமதி இல்லை’ன்னு வருது. பக்கத்துல பசங்க சிரிக்குதுங்க. குதிரைப் பால் குடிக்கிறவ குடிகாரியா?”

“அப்கே, அந்தப் பட்டியலை நாங்க எழுதல. வெளிநாட்டுல இருந்து விலைக்கு வாங்கறோம்” என்றான் எர்னார். வயதில் மூத்த பெண்களை நாங்கள் அப்கே என்றுதான் அழைப்போம்.

“அப்ப அந்த வெளிநாட்டுக்காரனே வந்து நம்ம குதிரையையும் கறக்கட்டும். வேற என்னெல்லாம் தடுத்து வச்சிருக்கீங்க, காட்டு ஐனலாயின்.”

ஐனலாயின் என்றால் கண்ணே என்று பொருள். கோபம் ஏற ஏற அவர் வாயில் அந்தச் சொல்லும் அதிகமாகும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று ஒரு மணி நேரத்தில் பதினெட்டு முறை சொன்னார். ஆட்டுத் தோலுக்காகக் குதிரையில் பாய்ந்து அடித்துக்கொள்ளும் எங்கள் விளையாட்டு ‘மிருக வதை’யில் கிடந்தது. கழுகு வளர்ப்பவர்களின் சங்கம் ‘ஆயுதங்க’ளில் இருந்தது. குதிரை இறைச்சித் தொத்திறைச்சி செய்யும் ஒரு குடும்பத்தை எந்தப் பிரிவில் போட்டிருந்தார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. எர்னார் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இதைத் திருத்தறதுக்கு ஆள் வேணும் அப்கே.”

“அதான் தெரியுதே. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?”

இப்படித்தான் அவர் ஐந்தாவது ஆளானார்.

அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கறையில் இருந்தவர். கீழே இறங்குபவர் ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அவரிடம் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொள்வார். வில்லை ஆணியில் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் அதில் விழ வேண்டும். கீழே மீத்தேன். ஒரு பொறி போதும். சுரங்கத்தை மூடிய பிறகு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தார். எங்களிடம் வந்தபோதும் கை நகங்களில் மாவு.

அவர் கடைசிவரை இரண்டு விரலால்தான் தட்டச்சு செய்தார். ஆனால் தொலைபேசி அவர் கையில் இருந்தால் எங்களுக்கு நிம்மதி.

“என்ன, எதுவும் திறக்கலையா? பெட்டியில பச்சை விளக்கு எரியுதா? எரியலையா? சரி, மின்கம்பியைச் செருகியிருக்கீங்களா? போய்ப் பாருங்க, நான் இருக்கேன்... செருகலையா? பரவாயில்ல ஐனலாயின், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” ரிசீவரை வைத்ததும் எங்கள் எல்லாரிடமும் சொல்லிவிடுவார்.

எங்கள் மக்களுக்காக எங்கள் மக்கள் திருத்திய பட்டியல் என்ற பேச்சு பரவியது. 2014-இல் நாங்கள் பதிமூன்று பேர். பூட்ஸ் கடைக்காரர் காலி செய்த கீழ்த்தளமும் எங்களுடையதாகியிருந்தது. பன்னிரண்டு பள்ளிகளில் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. அதில் தேறினால் மாகாணத்தின் எல்லாப் பள்ளிகளும் எங்களுக்கு. தேறாவிட்டால் கோடைக்குள் கடையை மூட வேண்டியதுதான். விளையாட்டுக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

இந்த இடத்தில் தோர் பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடம்தான் தோர். பெரியவர்களையும் விருந்தாளிகளையும் அங்கேதான் உட்காரவைப்போம். முதல் பள்ளியில் பெட்டியை வைத்தபோதே தலைமையாசிரியர் கேட்டார்: “எனக்கும் தடுப்பா?” எர்னாரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. அவர் கணினிக்கு மட்டும் எதையும் தடுக்காதே என்று பெட்டிக்கு ஓர் உத்தரவு எழுதினான். அந்த விதிவிலக்குப் பட்டியலுக்கு விளையாட்டாக ‘தோர்’ என்று பெயர் வைத்தோம். அடுத்த பள்ளித் தலைமையாசிரியருக்கும் தோர். பிறகு துணைத் தலைமையாசிரியர்களுக்கு. பிறகு ஒருவருடைய மருமகனுக்கு. நிறுவனம் வளர்ந்ததைவிட வேகமாக அந்தப் பட்டியல் வளர்ந்தது. முப்பத்தொரு பெயர்கள்.

“விளக்கறையில தோர் கிடையாது” என்று அப்கே அவ்வப்போது சொல்வார். “சுரங்கத்து டைரக்டரே வந்தாலும் பாக்கெட்டைக் காலி பண்ணணும்.”

“இது சுரங்கம் இல்ல அப்கே, வெறும் கம்ப்யூட்டர்” என்று நாங்கள் சிரிப்போம்.

மார்ச் பதினெட்டாம் தேதி அந்தச் சிரிப்பு நின்றது. நகரத்தின் தெற்கே, சுரங்கக் குடியிருப்புப் பள்ளி ஒன்றில் எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன. மாணவர்களின் மதிப்பெண்கள் அத்தனையும் போயின. காகிதப் பதிவேடு இருந்ததால் பிழைத்தார்கள். எட்டு ஆசிரியர்கள் மூன்று நாள் உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்தார்கள். எல்லாரும் மரியாதையாக அகாய் என்று அழைக்கும் தலைமையாசிரியர் துர்லிபெக் எர்னாருக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே வரிதான்: “உன் பெட்டி தூங்குது தம்பி. நான் மேலிடத்துக்கு எழுதப்போறேன்.”

பெட்டி தூங்கவில்லை. அதன் பதிவுகளைப் படித்தால் நடந்தது வரிசையாகத் தெரிந்தது. வசந்தப் புத்தாண்டான நௌரிஸ் விழாக் கச்சேரிக்காக இசை ஆசிரியை, தோம்ப்ரா என்ற இரட்டை நரம்பு வாத்தியத்தின் மெட்டுகளைத் தேடி ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார். ஆபத்தான பக்கம் என்று பெட்டி தடுத்துவிட்டது. மறுநாள் அதே பக்கம் துர்லிபெக் அகாயின் கணினியில் திறந்திருக்கிறது. அவர் தோர் பட்டியலில் இருந்ததால் பெட்டி வழிவிட்டது. மெட்டு என்ற பெயரில் வைரஸ் இறங்கிப் பள்ளி முழுக்கப் பரவியது.

சிக்கல் என்னவென்றால், துர்லிபெக் அகாய் எர்னாருக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். எர்னாரின் அப்பா இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர். ‘உங்களால்தான்’ என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எர்னார் ஒரு கடிதம் எழுதினான். தவறு முழுவதும் எங்கள் பெட்டியுடையது, மன்னிக்கவும், என்று. அது மேலிடத்துக்குப் போனால் சோதனை ஓட்டம் அன்றே முடிந்துவிடும்.

அப்கே அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“இது நெசமா?”

“இல்ல அப்கே. ஆனா...”

“பதிமூணு பேரு வீட்டுல அடுப்பு எரியுது ஐனலாயின். பொய் எழுதியா அணைக்கப் போற?”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க? அந்த மனுஷனோட நரைச்ச தலையை ஊர் முன்னால குனிய வைக்கச் சொல்றீங்களா?”

அப்கே கடிதத்தை மடித்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “வண்டியை எடு.”

துர்லிபெக் அகாயின் வீட்டில் எங்களைப் பார்த்ததும் தேநீர் விரிப்பு விரித்தாகிவிட்டது. சண்டைக்கு வந்தவர்களானாலும் தேநீருக்குப் பிறகுதான் எங்கள் ஊரில் சண்டை. அகாய் உயரமானவர், வீட்டிலும் டை கட்டியிருந்தார். அப்கேயைத் தோரில் உட்காரச் சொன்னார்.

அப்கே வாசலுக்குப் பக்கத்தில், செருப்புகளுக்கு அருகே உட்கார்ந்துகொண்டார்.

“என்னங்க இது? மேல வாங்க” என்றார் அகாயின் மனைவி.

“இங்கயே இருக்கேங்க. எனக்கு இதான் பழகின இடம்.”

விருந்தாளி வாசலில் உட்கார்ந்தால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? பதற்றத்தில் அந்த அம்மாள் கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றிவிட்டார். எங்களிடம் அரைக் கிண்ணம்தான் மரியாதை. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஊற்றிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

“பரவாயில்ல” என்றார் அப்கே. “சூடு ஆறதுக்குள்ள சொல்லிட்டுக் கிளம்பிடறேன். அகாய், தப்பு எங்களோடதுதான்.”

“தெரியும். பெட்டி தூங்கிடுச்சு.”

“பெட்டி தூங்கல. நாங்கதான் உங்களைத் தோர்ல உட்கார வச்சோம். அதுதான் தப்பு.” விளக்கறையைப் பற்றிச் சொன்னார். தகரப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். “ஒரு தடவை அமைச்சகத்துல இருந்து ஒரு பெரிய மனுஷன் வந்தாரு. தங்க லைட்டர். வெட்கப்பட்டுக்கிட்டு நான் கேட்கல. அவரு கீழ இறங்கி மேல வர வரைக்கும் ரெண்டு மணி நேரம். ஆணியில நூத்தி நாப்பது வில்லை தொங்குது. ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் ஆகல. அவரு சிரிச்சுக்கிட்டே வந்து கை குடுத்தாரு. அவருக்கு நான் பண்ணினதுக்குப் பேரு மரியாதை இல்ல அகாய். உங்களுக்கு நாங்க பண்ணினதும் அதேதான்.”

அகாய் தேநீர்க் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

“அந்த இசை டீச்சர் வந்து கேட்டா” என்றார் கடைசியில். “‘அகாய், உங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் திறக்குமாமே, திறந்து குடுங்க’ன்னு. எனக்கும் கொஞ்சம் பெருமையா இருந்துச்சு. திறந்து குடுத்தேன்.”

“மெட்டாவது நல்லா இருந்துச்சா?”

“எங்க! ஒண்ணுமே கேட்கல. கடகடன்னு சத்தம், அப்புறம் திரை முழுக்கச் சிவப்பு.”

முதலில் சிரித்தது அவர் மனைவி. பிறகு அகாய். சிரித்து முடித்து, தோரில் இருந்து எழுந்து வந்து, செருப்புகளை ஒதுக்கிவிட்டு அப்கேக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அந்தக் கிண்ணத்தைக் கொட்டிட்டுப் புதுசா ஊத்து” என்றார் மனைவியிடம். “அரைக் கிண்ணம்.”

அன்று நாங்கள் திரும்ப ஐந்து மணியானது. எர்னாரின் கடிதம் அப்கேயின் பையிலேயே கிடந்தது. மேலிடத்துக்குப் போனது துர்லிபெக் அகாய் எழுதிய கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதி, ‘விதிவிலக்குப் பட்டியலில் இருந்து முதலில் என் பெயரை நீக்கவும்’ என்று முடித்திருந்தார். மாகாணத்திலேயே மூத்த தலைமையாசிரியர் அவர். அவரே வாசலில் உட்கார்ந்த பிறகு மற்ற முப்பது பேரால் தோர் கேட்க முடியவில்லை. மே மாதம் எல்லாப் பள்ளிகளும் எங்களிடம் வந்தன.

தோர் பட்டியலைத் திருத்தும் உரிமையை எர்னார் அப்கேயிடமே கொடுத்துவிட்டான். முப்பத்தொரு பெயர்களையும் இரண்டு விரலால் ஒவ்வொன்றாக அழித்தார். பதினொரு நிமிடம் ஆனது. நாங்கள் பின்னால் நின்று எண்ணினோம்.

இப்போது நாங்கள் எழுபத்தாறு பேர். மூன்று நகரங்களில் அலுவலகம். பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கும் எங்கள் பெட்டியின் வேலையைச் செய்யும் செயலி வந்துவிட்டது. குமிஸ் இன்றும் பால் பொருட்கள் பிரிவில்தான் இருக்கிறது.

அப்கே இந்த ஏப்ரலில் போய்விட்டார். நுரையீரல். விளக்கறையில் சேர்ந்த தூசு அவரை அவ்வளவு நாள் பொறுத்திருந்ததே பெரிது என்றார் மருத்துவர். ஏழாம் நாள் அலுவலகத்தில் இறந்தவர்களுக்காகச் செய்யும் ஷெல்பெக் ரொட்டி ஏழு பொரித்து எல்லாருக்கும் பகிர்ந்தோம். எண்ணெய் கொஞ்சம் அதிகமாகக் காய்ந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் நான்கு ஐனலாயினாவது விழுந்திருக்கும்.

அதன் பிறகு அவர் கணினிக் கணக்கை மூடும் வேலை எனக்கு வந்தது. தோர் பட்டியலைத் திறந்தால் அதில் ஒரு பெயர் இருந்தது. பாகிலா.

மாற்றங்களின் பதிவைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒவ்வோர் ஆண்டும் நௌரிஸ் அன்று காலை, எர்னார் அவர் பெயரைத் தோரில் சேர்த்திருக்கிறான். ஒவ்வோர் ஆண்டும் அன்று மதியத்துக்குள் அவரே அதை நீக்கியிருக்கிறார். 2015, 2016, 2017... ஒரு வருடம்கூட விடுபடவில்லை. இருவரும் இதைப் பற்றி எங்களிடம் மூச்சு விட்டதில்லை. தங்களுக்குள்ளும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்த ஆண்டு நௌரிஸ் அன்று அவர் மருத்துவமனையில் இருந்தார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

எர்னாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இருக்கட்டுமே?” என்றேன்.

“இருந்தா திட்டுவாங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பத்து விரலாலும் வேகமாகத் தட்டச்சு செய்பவன், ஏனோ இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினான். பட்டியல் காலியானது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“பன்னெண்டாகப் போகுது” என்றான். “சாப்பிடப் போலாம் வா.”