அக்கா மடியில் மூணு புத்தகம்

நம்ம வலைப்பதிவுல விமர்சனம் எழுதலாம்னு இன்னைக்கு மூணு புதுப் புத்தகம் வாங்கிட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டுல திருநகர் பஸ் ஏறினேன். நிக்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த ஒரு அக்காகிட்ட மடியில வச்சுக்கச் சொல்லி பையைக் கொடுத்தேன்.

"பாக்கலாமா தம்பி?"ன்னு கேட்டாங்க. பதிலுக்குக் காத்திருக்கல.

கவிதைத் தொகுப்பு: "பக்கத்துக்கு நாலு வரிதான். இம்புட்டு வெள்ளைத்தாள்ல என் மகன் கணக்குப் போடுவான்."

சர்க்கரை நோய்ப் புத்தகம்: "திங்கக் கூடாததைப் பூராம் கலர்ல போட்டிருக்கான். பாத்தா பசிக்குது."

துப்பறியும் நாவலை நேரா கடைசிப் பக்கத்துல திறந்தாங்க. பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி கத்துனாங்க: "அடப்பாவி! கொன்னது கொழுந்தன்!"

பழங்காநத்தம் வந்துச்சு. பையை என் கையில திணிச்சுட்டு இறங்கிட்டாங்க.

நொந்துபோய் நிக்கிறேன், கண்டக்டர் கூட்டத்தை விலக்கிட்டு வந்தாரு. டிக்கெட்டுக்குன்னு நினைச்சேன்.

"அண்ணே, அவன் எதுக்குண்ணே கொன்னான்?"

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். அந்தக் கொழுந்தன் இடத்துல யாரு இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க.

நாளைக்கு திருநகர் பஸ்ல போறவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சேதி சொல்லி அனுப்பணும். கண்டக்டருக்குக் காரணத்தைச் சொல்லணும். அந்தக்காவைப் பாத்தா, கொழுந்தனைத் திட்டுனதை வாபஸ் வாங்கச் சொல்லணும்.